பூகோளத்தின் மீது பழி

ஒரு தேசத்தின் வாழ்வையும் தாழ்வையும் பூகோள நிலையே நிர்ணயிக்கிறதென்று சிலர் கூறுவர். அது பாதி உண்மையே என்பது நமது அபிப்பிராயம். பசிபிக் மகா சமுத்திரத்திலுள்ள இரண்டு தீவுப் பிரதேசங்களை நோக்குவோம்.

ஹவாயில் மௌனா லோவா எரிமலைச் சரிவில், 11,000 அடிக்கு மேல், ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நகரங்களின் புகை அதிகம் எட்டாத அவ்விடத்துக் காற்று பூமண்டலக் காற்றுக்கே மாதிரியாகும். ஆதலின் சார்லஸ் கீலிங் என்னும் விஞ்ஞானி 1958-இல் அங்கே கரியமில வாயுவை அளக்கத் தொடங்கினார். அன்று பத்து லட்சம் பங்கு காற்றில் சுமார் 315 பங்காயிருந்த அவ்வாயு, 2024-இல் 420-ஐத் தாண்டிவிட்டது. நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்ததே முக்கிய காரணம்.

அதே சமுத்திரத்தில், 1978-இல் பிரிட்டிஷ் ஆட்சியினின்று விடுதலை பெற்ற துவாலு இருக்கிறது. அந்நாட்டின் மிக உயர்ந்த மேடும் சுமார் 15 அடியே. பூமி வெப்பமுற, பனிப்பாறைகள் உருகுகின்றன. கடல்நீர் விரிந்து உயர்கிறது. வெள்ளம் அம்மக்களின் வாசலுக்கு வருகிறது. ஆண்டுக்கு 280 பேர் வரை ஆஸ்திரேலியாவில் குடியேற 2023-இல் ஓர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. புகலிடம் தாய்நாட்டிற்கு ஈடாகுமா?

உயரம் ஓரிடத்தைச் சாட்சியாக்கிற்று. தாழ்வு மற்றோரிடத்தைப் பலியாக்குகிறது. இவை பூகோளத்தின் செயல். புகையோ மனிதர் செயல். பெரும்புகை விடுத்த தேசங்கள் தம் பொறுப்பைப் பூகோளத்தின் தலையில் சுமத்துவதை நாம் ஒப்புக்கொள்ள இயலாது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகச் சாட்சியம் பதிவாகியிருக்கிறது; நியாயம் வழங்குவதே பாக்கி.