கெண்டைக்கால் வலிக்கு அக்குபங்சர்: ஊசிக்கு முன் பார்க்க வேண்டியவை

நடவும் களையெடுப்பும் முடிந்த கையோடு கெண்டைக்கால் பிடித்துக்கொள்வது வயலில் இறங்குகிறவர்களுக்குப் புதிதல்ல. சேற்றில் புதையும் காலை ஒவ்வோர் அடிக்கும் பிடுங்கி எடுக்க வேண்டும். 16 லிட்டர் தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு வரப்பில் ஏறி இறங்கினால், அந்தப் பாரத்தைக் கெண்டைக்கால் தசையும், அதைக் குதிகால் எலும்போடு இணைக்கும் தடித்த நாணும்தான் தாங்குகின்றன. ஊரில் அதைக் 'குதிகால் நரம்பு' என்பார்கள். உண்மையில் அது தசைநாண், உடம்பிலேயே தடிமனானது. ஆனால், குதிகாலுக்கு மேலே இரண்டு மூன்று விரல் உயரத்தில் அதற்கு ரத்த ஓட்டம் குறைவு. அங்கே பழுதானால் ஆற மாதக்கணக்கில் ஆகும். காலையில் எழுந்து வைக்கும் முதல் சில அடிகளில் குதிகாலின் பின்பக்கம் சுரீரென்று பிடித்து, நடக்க நடக்கத் தளர்ந்தால் பெரும்பாலும் இந்தப் பழுதுதான்.

'இதற்கு அக்குபங்சர் பார்க்கலாமா?' என்று கேட்கிறவர்கள் இப்போது அதிகம். பார்க்கலாம். ஆனால், பயிர் மஞ்சளானால் உடனே யூரியா போடுவோமா? துத்தநாகக் குறையா, தண்ணீர் வடியவில்லையா என்று முதலில் பார்ப்போம் அல்லவா? காலுக்கும் அப்படித்தான்.

முக்கியமாக எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த வயல் தண்ணீரில், காலில் உள்ள சிறு வெடிப்பு வழியாகக்கூடக் கிருமி உள்ளே போகும். ஓரிரு வாரத்தில் காய்ச்சல், தலைவலி, கண் சிவப்பு வரும். கெண்டைக்காலைத் தொட்டாலே வலிக்கும். நடவு வேலை வலி என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தால் சிறுநீரகமும் கல்லீரலும் கெட்டுவிடும். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி இருந்தால் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், வயலில் இறங்கியதையும் சொல்ல வேண்டும். தொடக்கத்திலேயே மாத்திரை எடுத்தால் குணமாகிவிடும்.

ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். அதைத் தேய்க்கவோ பிடித்துவிடவோ கூடாது. கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. பின்னாலிருந்து யாரோ உதைத்ததுபோல 'டப்'பென்று தெறித்து, முன்காலில் எம்பி நிற்க முடியாமல் போனால் நாண் அறுந்திருக்கலாம். இந்த இரண்டுக்கும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவருக்குக் கொஞ்சதூரம் நடந்தால் கெண்டைக்கால் இழுத்து, நின்றால் விட்டுவிடுகிறதா? அது ரத்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம்.

இவை எதுவும் இல்லையென்றால் அக்குபங்சருக்குப் போகலாம். 2019-ல் மத்திய அரசு இதைத் தனிச் சிகிச்சை முறையாக அங்கீகரித்தது. இயற்கை மருத்துவப் பட்டப்படிப்பிலும் இது பாடமாக உள்ளது. கெண்டைச் சதை முடியும் பள்ளத்திலும், வெளிக் கணுக்கால், உள் கணுக்கால் இரண்டுக்கும் நாணுக்கும் இடையிலுள்ள குழிகளிலும் மயிரிழை போன்ற ஊசிகளைச் செருகி, 20 முதல் 30 நிமிடம் வைத்திருப்பார்கள். உடம்பு தனக்குள்ளேயே சுரக்கும் வலிநிவாரணிகளை ஊசி தூண்டிவிடுகிறது, இறுக்கம் தளர்கிறது. வெளிக் கணுக்கால் புள்ளியில் கர்ப்பிணிகளுக்கு ஊசி போடுவதில்லை. கர்ப்பமாக இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

வலி குறையுமே தவிர, ஊசியால் நாண் உறுதியாகிவிடாது. அதற்குப் பயிற்சிதான் வழி. 1998-ல் சுவீடன் மருத்துவர் ஆல்ஃபிரட்சன் வெளியிட்ட முறைக்கு ஒரு வாசற்படி போதும். படியின் விளிம்பில் முன்காலை ஊன்றி, நல்ல காலால் எம்பி, வலிக்கும் காலால் மெதுவாகக் குதிகாலைக் கீழே இறக்க வேண்டும். முழங்காலை நீட்டியபடி 15 தடவை வீதம் மூன்று சுற்று. லேசாக மடக்கியும் அதேபோல மூன்று சுற்று. காலை, மாலை இருவேளையும் 12 வாரம் செய்ய வேண்டும். இலேசான வலி இருந்தாலும் செய்யலாம்.

பிரித்துப் போடும் ஊசி புதியதா என்று கண்ணால் பாருங்கள். ஒருவருக்குப் போட்டதை இன்னொருவருக்குப் போட்டால் மஞ்சள் காமாலை, எச்.ஐ.வி. தொற்றலாம். சர்க்கரை நோயாளிகள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். 'சர்க்கரை, பிரஷர் மாத்திரையை எல்லாம் நிறுத்திவிட்டு வா' என்று சொல்கிறவரிடம் காலை நீட்டாதீர்கள். சிப்ரோஃப்ளாக்சசின் வகை மாத்திரை சாப்பிடும்போது குதிகால் நாண் வலித்தால், அந்த மாத்திரையே காரணமாக இருக்கலாம். எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் உடனே காட்டுங்கள்.