காக்கை உட்கார்ந்ததும் உலாவி விழுந்ததும்

2018ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் விண்டோஸ் 10 இயங்குதளத்துக்குப் பெரியதோர் அப்டேட்டை வெளியிட்டது. அதை ஏற்றுக்கொண்ட கணினிகளில் சில, குரோம் உலாவியைத் திறந்து வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே அப்படியே ஸ்தம்பித்து நின்றுவிட்டன. முறையீடுகள் வரவே, நிறுவனம் குறையை ஒப்புக்கொண்டு, மே 8ஆம் தேதி அனுப்பிய திருத்தத்தில் அதை நிவர்த்தி செய்தது. அதுவரை சமாளிப்பதற்கென்று அது சொன்ன கைவைத்தியம்தான் சுவாரஸ்யமானது. விண்டோஸ் விசை, கன்ட்ரோல், ஷிஃப்ட், பி என்ற நான்கையும் ஒருசேர அழுத்திப் பாருங்கள். மடிக்கணினியாக இருந்தால் மூடியைச் சாத்தித் திறந்து பாருங்கள் என்றது. கேட்பவருக்கு இது மந்திரம் மாயம் என்று தோன்றினாலும், அந்த நான்கு விசைகளின் காரியம் மிகவும் திட்டமானது: உலாவியையும் தொடாமல், கணினியையும் அணைக்காமல், திரையில் உருவங்களைத் தீட்டுகிற கிராபிக்ஸ் டிரைவரை மட்டும் மறுபடியும் தொடங்கிவைப்பது. சந்தேகம் எந்தத் திசையில் விழுந்திருந்தது என்பதைச் சிகிச்சையே காட்டிவிட்டது.

அந்த வழக்கில் அப்டேட்தான் குற்றவாளி என்பது ருசுவாயிற்று. ஆனால் 2022ஆம் ஆண்டு ஜனவரியில் நடந்த மற்றொரு சம்பவம் வேறு விதமானது. அம்மாதம் 11ஆம் தேதி ஃபயர்பாக்ஸ் உலாவியின் 96ஆம் பதிப்பு வெளிவந்தது. 13ஆம் தேதி, உலகெங்கும், ஏறக்குறைய இரண்டு மணி நேரம், ஃபயர்பாக்ஸ் எந்தப் பக்கத்தையும் திறக்க மறுத்தது. இரண்டு நாளைக்கு முன் புதிய பதிப்பை ஏற்றுக்கொண்ட எவரும் அதன்மேல்தான் பழி சுமத்தியிருப்பார். உண்மையில் நடந்தது என்னவென்றால், ஃபயர்பாக்ஸை உருவாக்கும் மொசில்லா நிறுவனத்துக்குப் புள்ளிவிவரங்கள் சேர்க்கும் சர்வர்களை நடத்திவந்த ஒரு கிளவுட் நிறுவனம், முன்னறிவிப்பின்றித் தன் பக்கத்தில் எச்.டி.டி.பி. 3 என்னும் புதிய பரிமாற்ற முறையை இயக்கிவிட்டது. அனுப்பப்படும் செய்தியின் நீளத்தைக் குறிக்கும் தலைப்பை ஃபயர்பாக்ஸின் ஒரு பகுதி ஆங்கிலச் சிறிய எழுத்துகளால் எழுதியிருக்க, மற்றொரு பகுதி அதைப் பெரிய எழுத்தில் தொடங்கும் சொல்லாகத் தேடியது. காணாமல், முடிவில்லாத சுழற்சியில் அகப்பட்டுக்கொண்டது. உலாவியின் இணையப் போக்குவரத்து முழுவதும் அந்தப் பகுதி ஓடும் ஒரே செயல் இழை வழியாகச் செல்வதால், அது அடைபட்டதும் எல்லாமே அடைபட்டன. பிழை முன்பே உறங்கிக்கொண்டிருந்தது. அதை எழுப்பியதோ பயனாளரின் கணினியில் நிகழ்ந்த எந்த மாற்றமும் அல்ல.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையைக் காகதாலீய நியாயம் என்று தர்க்க சாஸ்திரிகள் சொல்வதுண்டு. ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்ந்த மாத்திரத்தால் முன்னது காரணமாகவும் பின்னது காரியமாகவும் ஆகிவிடாது என்பது அதன் தாத்பரியம். இயங்குதளம் அப்டேட் ஆன மறுநாள் உலாவி தள்ளாடினால் அப்டேட்டைச் சந்தேகிப்பது நியாயமே. ஆனால் சந்தேகத்தைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டு கணினியை அடியோடு அழித்து விண்டோஸை மறுபடி ஏற்றப் புறப்படுவது, விசாரணை இல்லாமல் தண்டனை விதிப்பதாகும். பழுது பார்க்கும் கடைகள் பலவற்றில் வாடிக்கையாளர் வாய் திறப்பதற்கு முன்பே ‘ஃபார்மட் பண்ணிடலாம்’ என்ற வாக்கியம் வந்து விழுகிறது. அது கடைக்காரருக்குச் சுலபம் என்பதைத் தவிர அதற்கு வேறு சாஸ்திரப் பிரமாணம் இருப்பதாகத் தெரியவில்லை.

விசாரணையின் முதற்படி, சற்றுப் பொறுத்திருப்பது. பெரிய அப்டேட் ஒன்று நிறுவப்பட்ட பிறகு, ‘முடிந்தது’ என்று திரை அறிவித்த பின்னரும், இயங்குதளம் கோப்புகளின் தேடல் அட்டவணையைத் திருத்திக்கொண்டும், ஆன்ட்டி வைரஸ் வட்டைச் சோதித்துக்கொண்டும், பிற மென்பொருள்கள் தத்தம் புதிய பதிப்புகளை இறக்கிக்கொண்டும் இருப்பது வழக்கம். பழைய சுழல் வட்டு உள்ள கணினியில் இந்த வேலைகள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும்போது, உலாவி ஒரு பாவமும் அறியாமல் வரிசையில் காத்துக் கிடக்கும். இதற்கு நிவாரணம் அவகாசம்தான். அதோடு ஒரு நுட்பமும் உண்டு: விண்டோஸில் துரிதத் தொடக்கம் என்னும் வசதி இயங்கிக்கொண்டிருந்தால், ‘ஷட்டவுன்’ கொடுத்து அணைப்பதில் இயங்குதளத்தின் மூலப்பகுதி முழுவதுமாக அணைவதில்லை, அதன் நிலையை வட்டில் எழுதிவைத்து, மறுமுறை அதையே எடுத்துக்கொள்கிறது. ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். ‘இரவெல்லாம் அணைத்துத்தானே வைத்திருந்தேன்’ என்று வாதாடுபவர்கள் இதை நினைவில் வைப்பது நலம்.

அதற்கும் மசியாத உலாவியைப் பரீட்சிக்க வேண்டுமானால் அதன் தேக அமைப்பைக் கொஞ்சம் அறிந்திருக்க வேண்டும். முற்காலத்து உலாவிகள் பெரும்பாலும் ஒரே அடுப்பில் சமைத்த கூட்டுக்குடும்பங்கள். ஒரு பக்கத்தில் தீப்பற்றினால் வீடு முழுவதும் எரிந்தது. 2008ஆம் ஆண்டு செப்டம்பரில் வந்த குரோம், பக்கங்களைத் தனித்தனிச் செயல்களாக (பிராசஸ்) பிரித்துத் தனிக்குடித்தனம் வைத்தது. ஃபயர்பாக்ஸ் 2016ஆம் ஆண்டில் 48ஆம் பதிப்பு முதல் படிப்படியாக அவ்வழியை மேற்கொண்டது. ஒன்று விழுந்தால் மற்றவை பிழைக்கும் என்பது இதன் லாபம். ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனிப் பாத்திரம் பண்டம் வேண்டும் என்பது நஷ்டம். 4 கிகாபைட் நினைவகம் உள்ள கணினிகள் மூச்சு முட்டுவது இதனால்தான்.

ஆனால் இந்தப் பிரிவினை நமக்கு ஒரு பெரிய உபகாரம் செய்கிறது. குரோமில் ஷிஃப்ட், எஸ்கேப் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் உலாவிக்கே உரிய டாஸ்க் மேனேஜர் திறந்து, எந்த டேப், எந்த நீட்சி (எக்ஸ்டென்ஷன்) எவ்வளவு நினைவகத்தையும் கணிப்பு நேரத்தையும் விழுங்குகிறது என்பதைப் பெயர் சொல்லிக் காட்டும். ஃபயர்பாக்ஸின் முகவரிப் பட்டையில் ‘அபவுட்:பிராசஸஸ்’ என்று ஆங்கிலத்தில் தட்டினால் அதே பட்டியல் கிடைக்கும். பிரத்தியட்சமாகப் பார்க்க வழி இருக்கையில் அனுமானத்தில் இறங்குவானேன்?

சில வேளைகளில் வேகக் குறைவு, தெரிந்தே கொடுக்கப்பட்ட விலையாகவும் இருக்கும். 2018ஆம் ஆண்டு ஜனவரி முதல் வாரத்தில் மெல்ட்டௌன், ஸ்பெக்டர் என்ற இரு பலவீனங்கள் கணினிச் சில்லுகளின் அமைப்பிலேயே இருப்பது பகிரங்கமாயிற்று. ஒரு பக்கத்தில் ஓடும் நிரல், மற்றொரு பக்கத்தின் இரகசியத்தை நேர அளவைகளைக் கொண்டு ஊகிக்க இயலும் என்று தெரிந்ததும், உலாவிகள் தங்கள் கடிகாரங்களின் துல்லியத்தை வேண்டுமென்றே மழுக்கிக்கொண்டன. இயங்குதளங்களும் திருத்தங்களை ஏற்றன. அவ்வாண்டின் நடுவில் குரோம் 67ஆம் பதிப்பு ஒவ்வொரு தளத்தையும் தனிச் செயலில் அடைத்துவைக்கும் ஏற்பாட்டைப் பெரும்பாலோர்க்கு இயக்கியபோது, நினைவகச் செலவு சுமார் 10 முதல் 13 சதவீதம் வரை கூடும் என்று கூகுளே அறிவித்தது. இவ்வகை மந்தத்தை நோய் என்று கருதி அப்டேட்டுகளை அடியோடு நிறுத்திவைப்பவர்கள், காவற்காரனுக்குச் சம்பளம் மிச்சம் என்று சந்தோஷப்படுகிறார்கள்.

இனி மறுபடியும் கிராபிக்ஸ் விஷயத்துக்கு வருவோம். ஏனெனில் அப்டேட்டுக்குப் பிறகு நேரும் உபத்திரவங்களில் என் அபிப்பிராயத்தில் முதலில் விசாரிக்க வேண்டிய சாட்சி அதுதான். இன்றைய உலாவி, எழுத்தையும் படத்தையும் காணொளியையும் திரையில் சேர்க்கும் வேலையின் பெரும்பகுதியைக் கணினியின் பிரதானச் சில்லிடம் விடாமல் கிராபிக்ஸ் சில்லிடம் ஒப்படைக்கிறது. இதை வன்பொருள் முடுக்கம் என்கிறோம். இருவருக்கும் நடுவே துபாஷியாக நிற்பது டிரைவர் என்னும் மென்பொருள். விண்டோஸ் அப்டேட்டோ, கணினியைத் தயாரித்தவர் நிறுவிய டிரைவரை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்துவிடுவதுண்டு. காணொளி ஓடத் தொடங்கியதும் திரை கறுத்துப்போவது, பக்கத்தை உருட்டும்போது கட்டம் கட்டமாகச் சிதறுவது, டேப் மாற்றினால் ஒரு கணம் வெளுப்பது ஆகியவை இங்கே கோளாறு என்பதற்கான லட்சணங்கள். அமைப்புகளுக்குள் சென்று வன்பொருள் முடுக்கத்தை நிறுத்தி, உலாவியை மூடித் திறந்து பாருங்கள். சிதறல் மறைந்தால், சந்தேகம் பெரும்பாலும் டிரைவரிடம் உறுதிப்படுகிறது. ஆனால் அத்துடன் நின்றுவிடுவது அரைகுறை வைத்தியம். முடுக்கமில்லாத உலாவி காணொளியின் பாரம் முழுவதையும் பிரதானச் சில்லின் தலையில் ஏற்றி, மின்விசிறியை ஓலமிடச் செய்யும். கணினித் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து தகுந்த டிரைவரை நிறுவியோ, டிவைஸ் மேனேஜரில் பழைய டிரைவருக்குத் திரும்பியோ, முடுக்கத்தை மறுபடி இயக்குவதே முழு நிவாரணம்.

அடுத்தபடியாக நீட்சிகள். குரோமின் மறைநிலைச் சாளரத்தில், நாம் பிரத்தியேகமாக அனுமதித்தவை தவிர, நீட்சிகள் இயங்குவதில்லை. அங்கே உலாவி துள்ளி ஓடினால், குற்றவாளி நீட்சிகளுக்குள் இருக்க இடமுண்டு. ஃபயர்பாக்ஸில் ஷிஃப்ட் விசையை அழுத்தியபடியே திறந்தால் பழுதறியும் முறை என்ற ஒன்று வரும். அது நீட்சிகளையும் வன்பொருள் முடுக்கத்தையும் சேர்த்தே நிறுத்துவதால், அதில் குணம் தெரிந்தாலும் இரண்டில் எது காரணம் என்பதைத் தனியே பார்த்துத்தான் நிர்ணயிக்க வேண்டும். நீட்சிகள் ஏராளமாக இருப்பின் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்க வேண்டியதில்லை. பாதியை நிறுத்துங்கள், குறை நீங்கினால் அந்தப் பாதியில் பாதியை இயக்குங்கள். பதினாறு நீட்சிகளுக்குள் ஒளிந்திருக்கும் ஒன்றைப் பிடிக்க நான்கு சோதனை போதும்.

நாம் நிறுவாத, கண்ணுக்கும் தெரியாத விருந்தாளிகளும் உண்டு. ஆன்ட்டி வைரஸ் மென்பொருள்கள் பல, உலாவியின் செயலுக்குள் தங்கள் நிரலைச் செருகிவைக்கின்றன. 2019ஆம் ஆண்டு அக்டோபரில் வந்த குரோம் 78ஆம் பதிப்பு, பக்கங்களைத் தீட்டும் செயல்களுக்குள் அந்நிய நிரல் நுழையக்கூடாது என்று தடை விதித்தபோது, சிமான்டெக் நிறுவனக் காப்பு மென்பொருளின் பழைய பதிப்புகள் இருந்த அலுவலகக் கணினிகளில் டேப்புகள் வரிசையாக விழுந்தன. இதைவிட நீண்டது விண்டோஸ் டிஃபெண்டரின் கதை. ஃபயர்பாக்ஸ் திறந்திருக்கும்போதெல்லாம் டிஃபெண்டர் அளவுக்கு மீறிக் கணிப்பு நேரத்தைத் தின்கிறது என்ற முறையீடு 2018ஆம் ஆண்டிலேயே மொசில்லாவிடம் பதிவாயிற்று. உலாவி அடிக்கடி விடுக்கும் ஒருவகை நினைவகக் கட்டளையை ஒவ்வொரு தடவையும் டிஃபெண்டர் அதிக ஆடம்பரத்தோடு பரிசீலித்ததே காரணம். 2023ஆம் ஆண்டில் மைக்ரோசாஃப்ட் திருத்தம் அனுப்பியபின், ஃபயர்பாக்ஸில் உலவும்போது டிஃபெண்டரின் அந்தச் செலவு சுமார் 75 சதவீதம் குறைந்தது. ஐந்து வருஷம் ‘ஃபயர்பாக்ஸ் கனமான உலாவி’ என்று பேசியவர்களில் சிலராவது பக்கத்து வீட்டுப் பழியை அதன்மேல் சுமத்தியிருக்கிறார்கள்.

வட்டில் இடம் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். பெரிய அப்டேட்டுக்குப் பிறகு பழைய விண்டோஸ் முழுவதும் ஒரு தனிக் கோப்புறையில், பல கிகாபைட் இடத்தை அடைத்துக்கொண்டு, வழக்கமாகப் பத்து நாள் கிடக்கும். வட்டு நிரம்பினால் நினைவகத்துக்குத் துணையாக வட்டில் வைக்கப்படும் கோப்பு விரிய இடமின்றி, டேப்புகள் நினைவகப் பற்றாக்குறையால் வீழும்.

இத்தனையும் பார்த்த பிறகும் குறை நீடித்தால், உலாவியில் புதிய சுயவிவரம் (புரொஃபைல்) ஒன்றைத் தொடங்கிப் பாருங்கள். பழையதை அழிக்க வேண்டாம். பக்கத்தில் மற்றொன்று, அவ்வளவே. அங்கே எல்லாம் செவ்வனே நடந்தால், பழைய சுயவிவரத்தில் ஏதோ ஒன்று சிதைந்திருக்கிறது என்று கொள்ளலாம். ஃபயர்பாக்ஸில் இதற்கென்றே உள்ள புதுப்பித்தல் வசதி, புத்தகக்குறிகளையும் கடவுச்சொற்களையும் காப்பாற்றிக்கொண்டு, நீட்சிகளையும் நாம் மாற்றிவைத்த அமைப்புகளையும் களைகிறது. உலாவியை நீக்கி மறுபடி நிறுவுவது பெரும்பாலும் வீண் உழைப்பாக முடிவதன் ரகசியமும் இங்கேதான் இருக்கிறது: நீக்கும்போது உலாவல் தரவையும் சேர்த்து அழிக்கும்படி நாமே குறியிட்டாலன்றி, சுயவிவரம் வட்டில் பத்திரமாக இருந்து, புதிய உலாவியிலும் பழைய வியாதியோடு வந்து உட்கார்ந்துகொள்ளும். அழிக்கக் குறியிடுபவர்களோ, கடவுச்சொற்களுக்குப் பிரதி எடுத்துவைத்தோமா என்று முதலில் தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் என்ற விதியை மட்டும் இந்தப் பரீட்சைகளில் எதிலும் மீறக்கூடாது. கேஷையும் அழித்து, நீட்சிகளையும் நீக்கி, டிரைவரையும் மாற்றி ஒரே மாலையில் உலாவியைக் குணப்படுத்தியவருக்கு, அடுத்த அப்டேட்டில் அது மறுபடி விழும்போது எதைச் செய்வதென்று தெரியாது.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உலாவி விழுந்தெழும்போது, விபத்தைப் பற்றிய அறிக்கையை அனுப்பலாமா என்று கேட்டால், சலிப்போடு மறுத்துவிடாதீர்கள். நிரலின் எந்த வரியில், எந்த டிரைவரின் எந்தப் பதிப்போடு மோதி விழுந்தது என்ற விவரம் அதில் இருக்கிறது. பார்த்துக்கொண்டிருந்த பக்கத்தின் முகவரியை அனுப்ப விருப்பமில்லையெனில் ஃபயர்பாக்ஸில் அந்தக் குறியை எடுத்துவிடலாம். அனுப்பாமல் தேங்கிய அறிக்கைகள் ஃபயர்பாக்ஸில் ‘அபவுட்:கிராஷஸ்’ என்ற முகவரியிலும், குரோமில் ‘குரோம்://கிராஷஸ்’ என்ற முகவரியிலும் கிடக்கும். இன்றே திறந்து அவற்றை அனுப்பிவையுங்கள்.