தனியாக ரெயில் ஏறும் பெண்

"துணைக்கு யார் வருகிறார்கள்?"

பெண் வெளியூர் புறப்பட்டால், வீட்டில் முதலில் எழும் கேள்வி இதுதான். இப்பொழுது படிப்புக்கும் வேலைக்கும் பெண்கள் தனியாகவே போகிறார்கள். அதற்கு ஏற்ப ரெயிலும் மாறி வருகிறது.

6 படுக்கைகள்

தொலைதூர எக்ஸ்பிரஸ் ரெயில்களில், படுக்கை வசதி வகுப்பில் பெண்களுக்கு என்று 6 படுக்கைகள் ஒதுக்கப்படுகின்றன. வயது தடை இல்லை. தனியாகவும் போகலாம், கூட்டமாகவும் போகலாம்.

என் தோழி

2020-ம் ஆண்டில் "மேரி சகேலி" என்ற திட்டம் வந்தது. "என் தோழி" என்பது இதன் பொருள். ரெயில் புறப்படும் இடத்தில், ரெயில்வே பாதுகாப்புப் படையின் பெண் போலீசார் வருவார்கள். தனியாகப் போகும் பெண்களிடம் பேசுவார்கள். இருக்கை எண்களைக் குறித்துக் கொள்வார்கள். வழியில் ரெயில் நிற்கும் இடங்களில் போலீசார் கவனித்துக் கொள்வார்கள். "பயணம் எப்படி இருந்தது?" என்று கடைசியில் கேட்பார்கள்.

நள்ளிரவில் இறக்கலாமா?

கைப்பையோடு டிக்கெட்டும் தொலைந்து விட்டது. நள்ளிரவு. டிக்கெட் பரிசோதகர் வருகிறார். தனியாக இருக்கும் பெண்ணை, ஆள் இல்லாத சிறு ஸ்டேஷனில் இறக்கி விடலாமா?

கூடாது! 1989-ம் ஆண்டு ரெயில்வே சட்டத்தின் 139-வது பிரிவு அதைத் தடுக்கிறது. ஆண் துணை இல்லாத பெண்ணைப் பகலில்தான் இறக்கலாம். அதுவும் அவள் ஏறிய ஸ்டேஷன், ஜங்ஷன், ரெயில் பாதை முடியும் ஸ்டேஷன், மாவட்டத் தலைநகரம் ஆகிய இடங்களில்தான் இறக்கலாம்.

ஆபத்து என்றால் டெலிபோனில் கூப்பிட வேண்டிய எண்ணும் 139தான்!

சட்டமும் 139, உதவியும் 139. ஊருக்குப் புறப்படும் பெண்கள் இதை மனதில் எழுதிக் கொள்ள வேண்டும்.