உவர்மண்ணில் இளங்கண்டல்

கண்டல் உவர்நீரை விரும்பும் மரம் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. உண்மையில் அது உவரைப் பொறுக்கும் மரமேயாகும். ஐதான உவர்நீரிலேயே அதன் இளங்கன்று செழித்து வளரக் காண்கிறோம்.

மண்நீரில் உப்பு மிகும்போது, பிரசாரண விதிப்படி வேர் நீரை உறிஞ்சுதல் கடினமாகிறது. நீருடன் புகும் சோடியமோ பொற்றாசியத்தின் இடத்தைக் கவர்ந்து கலங்களின் தொழிற்பாட்டைக் குலைக்கிறது. றைசோபோராவின் வேர் உப்பின் பெரும்பகுதியை வாயிலிலேயே தடுத்துவிடும். அவிசெனியா, உட்புகுந்த உப்பில் ஒரு பகுதியை இலைச் சுரப்பிகள் வழியே வெளியேற்றும் (அவ்விலையை நாவில் வைத்துப் பார்த்தோர் இதனை அறிவர்). எஞ்சிய உப்பு கலங்களின் புன்வெற்றிடங்களில் ஒதுக்கப்படும். இவற்றுக்குச் செலவாகும் சக்தி வளர்ச்சியிலிருந்தே கழிக்கப்படுகிறது. தாய்மரத்திலேயே முளைத்து, நீண்ட முளைத்தண்டில் உணவைச் சேமித்து விழும் றைசோபோராக் கன்றுக்குக்கூட அச்சேமிப்பு சிலகாலத்துக்கே போதுமானது.

இச்செலவுக் கணக்கை மறந்ததன் விளைவை இலங்கையிற் கண்டோம். 2004 ஆம் ஆண்டுக் கடற்கோளின் பின்னர் கரையோரமெங்கும் கண்டல் நடுகை பெருகிற்று. 2017 இல் வெளியான ஆய்வொன்றின்படி, ஆராயப்பட்ட 23 நடுகைத் திட்ட இடங்களுள் 9 இல் ஒரு கன்றேனும் எஞ்சவில்லை. பொருந்தா நிலமட்டத்தில் நட்டமையும் பின்னர் பராமரியாமையுமே முதன்மைக் காரணங்கள் எனக் கருதுகிறோம். வற்றுப்பெருக்கு அரிதாகவே எட்டும் திடலில், வரட்சிக்கால ஆவியாதலால் மண்நீர் கடல்நீரினும் உவராகிறது. தாழ்ந்த சேற்றிலோ, ஓயாது மூழ்கிய வேருக்கு ஒட்சிசன் கிட்டாமையால் உப்பைத் தடுக்கும் ஆற்றலே குன்றிவிடுகிறது.