சேயாற்றங்கரைப் பயணம்

திருவண்ணாமலைக்கு வருவோர் பலர், மலைவலம் முடித்து ஊர் திரும்பிவிடுவர். அந்நகருக்கு மேற்கே, சவ்வாது மலையில் தோன்றிச் செங்கம் வழியாக ஓடும் ஆறு ஒன்று உண்டு. இன்று செய்யாறு என வழங்கும் அதன் பழம்பெயர் சேயாறு. இவ்வாற்றங்கரைக்குச் செல்வோருக்குச் சங்ககாலத்திலேயே வழிகாட்டிய நூல் மலைபடுகடாம்.

வழிகாட்டும் நூல்

பத்துப்பாட்டுள் ஒன்றான மலைபடுகடாம் 583 அடிகளைக் கொண்டது, இயற்றியவர் பெருங்கௌசிகனார். செங்கண்மாவை ஆண்ட நன்னனிடம் பரிசில் பெற்ற கூத்தர், பரிசில் பெறாத கூத்தரை அவனிடம் ஆற்றுப்படுத்துவதாக இது அமைந்துள்ளதால், கூத்தராற்றுப்படை என்றும் வழங்கும். செங்கண்மாவே இன்றைய செங்கம். நூலில் வரும் நவிரமலை, இன்றைய பருவதமலை எனக் கருதப்படுகிறது.

அழகும் எச்சரிக்கையும்

மலையை யானையாகவும், அதில் எழும் பல்வேறு ஓசைகளை அதன் மதமாகவும் உருவகித்ததால் நூல் இப்பெயர் பெற்றது. அருவியின் ஒலி, தேனெடுக்கும் குறவரின் ஆரவாரம், தினைப்புனத்தில் கிளி ஓட்டும் மகளிரின் குரல் என அவ்வோசைகள் விரிகின்றன. கண்ணுக்கு முன்னே செவியால் மலையை நுகரச் செய்கிறார் புலவர்.

எனினும், அழகை மட்டும் கூறி அவர் அமையவில்லை. பன்றிக்காக அமைத்த பொறிகளுக்கு விலகிச் செல்க; யானையை விரட்டக் கானவர் வீசும் கவண்கல்லுக்கு மரத்தின் பின் மறைந்து செல்க; வழுக்கும் இடங்களில் மூங்கிலையும் எருவைக்கோலையும் பற்றிச் செல்க; இரவில் குகையில் தங்கி, விடிந்தபின் வழிக்கொள்க என்று அறிவுறுத்துகிறார். வழியிலுள்ள சிற்றூர்களில் எவ்வுணவு கிடைக்கும், அவ்வூரார் எவ்வாறு வரவேற்பர் என்பனவற்றையும் சொல்கிறார். முன்பின் அறியாத கூத்தரை உறவினர்போல் ஏற்கும் மக்களை அங்குக் காண்கிறோம்.

இன்றைய ஆறு

இன்றும் சவ்வாது மலையில் பழங்குடி மக்கள் சாமை பயிரிடுகின்றனர். சமுனாமரத்தூர் அருகிலுள்ள பீமன் அருவியைக் காணவும், பருவதமலையில் ஏறவும் மக்கள் வருகின்றனர். செங்கம் அருகே குப்பநத்தம் அணை ஆற்றுநீரைத் தேக்குகிறது. திருமுக்கூடலில் பாலாறு, வேகவதி ஆகியவற்றுடன் செய்யாறு கூடுகிறது. ஆனால், மழைக்காலத்தில் பெருகும் இவ்வாறு, ஆண்டின் பல மாதங்களில் வெறும் மணற்பரப்பாகவே கிடக்கிறது. அம்மணலே மழைநீரை உள்வாங்கிக் கரையோரக் கிணறுகளுக்கு ஊற்றாகிறது. மணலை வரைமுறையின்றி அள்ளினால் ஊற்றுக் குறையும். நெகிழிக் கழிவுகளை வீசினால் எஞ்சும் நீரும் மாசுபடும்.

விருந்தினரின் கடமை

மலையும் ஆறும் அங்கு வாழும் மக்களுக்கும் விலங்குகளுக்கும் உரிய இல்லம். செல்வோர் அவ்வில்லத்தின் விருந்தினர். பெருங்கௌசிகனாரின் கூத்தர் வழியறிந்து, இடமறிந்து, காலமறிந்து நடந்தனர். விருந்தோம்பல் இல்லத்தாரின் பண்பு என்றால், அவ்வில்லத்திற்கு ஊறு செய்யாமல் திரும்புவது விருந்தினரின் பண்பு. அப்பண்பு இருந்தால்தான், அடுத்து வருவோர்க்கும் சேயாறு தன் அழகோடு காத்திருக்கும்.