சத்தம் வருகிறது, படம் இல்லை

டி.வி.யில் சத்தம் வருகிறது, சேனலும் மாறுகிறது, திரை மட்டும் கறுப்பாகவே இருக்கிறது. பேனல் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். அறையை இருட்டாக்கி, டார்ச்சைத் திரையருகே சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். மங்கலாக உருவங்கள் அசைந்தால் பேனல் நன்றாகவே இருக்கிறது. போனது அதன் பின்னாலுள்ள பேக்லைட்தான்.

எல்.சி.டி. திரைக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. பின்னாலிருந்து வரும் ஒளியைப் புள்ளி புள்ளியாக விடுவதும் மறைப்பதும்தான் அதன் வேலை. பழைய செட்டுகளில் அந்த ஒளி மெல்லிய பாதரசக் குழல்களிலிருந்து வந்தது, இப்போது எல்.இ.டி. ஸ்ட்ரிப்புகள். திருவிழா சீரியல் செட் மாதிரி ஒன்றையடுத்து ஒன்றாகக் கோத்திருப்பதால், ஒரு எல்.இ.டி. அறுந்தால் அந்த வரிசை முழுவதும் அணைந்துவிடும். சில செட்டுகள் ஆன் செய்ததும் ஒரு கணம் ஒளிர்ந்து இருண்டுவிடும். கோளாறைக் கண்ட டிரைவர் சர்க்யூட், பாதுகாப்புக்காக மின்சாரத்தை நிறுத்துவதுதான் காரணம்.

பின்மூடியைத் திறப்பவர் பிளக்கைப் பிடுங்கியதோடு நிம்மதி அடையக் கூடாது. நம் வீட்டு 230 வோல்ட், பவர் போர்டின் பெரிய கெபாசிட்டரில் சுமார் 325 வோல்ட் டி.சி.யாகத் தேங்குகிறது, பெரிய செட்டுகளில் 400 வரை போகும். பிளக்கை எடுத்த பிறகும் அது அங்கே நிற்கலாம். ஸ்க்ரூடிரைவரை வைத்து ஷார்ட் செய்யும் வழக்கத்தை அடியோடு விட வேண்டும்: தெறிக்கும் பொறி கண்ணையும் கெடுக்கும், போர்டையும் கெடுக்கும். நன்றாக இன்சுலேஷன் செய்த வயர்களில் 2 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டரை இணைத்து, கெபாசிட்டரின் இரு முனைகளிலும் சில நொடிகள் வைத்தால் மின்னூட்டம் அமைதியாக வடியும். பிறகு மல்டிமீட்டரை டி.சி. ரேஞ்சில் வைத்து அளந்து, பூஜ்யத்தை ஒட்டி வந்தபின்தான் கை வைக்க வேண்டும்.

அடுத்து, ஸ்ட்ரிப் கனெக்டரை போர்டிலிருந்து கழற்றி எல்.இ.டி. டெஸ்டரால் சோதிக்கலாம். எல்லாம் எரிந்தால் சந்தேகம் டிரைவர் பக்கம் திரும்பும். எரியாவிட்டால் ஸ்ட்ரிப் அல்லது அதற்குப் போகும் வயர். டெஸ்டரின் மின்னோட்டம் குறைவுதான், ஆனால் பல டெஸ்டர்கள் 300 வோல்ட் வரை ஏறும். முனைகளில் விரல் படக் கூடாது.

ஸ்ட்ரிப்பை மாற்றப் பேனலைத் தூக்க வேண்டியிருக்கும். அதற்கு இருவர் வேண்டும். கண்ணாடி மெல்லியது, அதன் ஓரத்தில் ஒட்டியிருக்கும் ரிப்பன் இழுபட்டால் திரையில் கோடு விழும், பிறகு சாதாரணக் கடையில் சரிசெய்ய முடியாது. ஒன்று போயிருந்தாலும் எல்லா ஸ்ட்ரிப்புகளையும் மாற்றுவதே நல்லது; மற்றவையும் அதே சூட்டில் அத்தனை காலம் உழைத்தவை. எல்.இ.டி. எண்ணிக்கையும் வோல்ட்டும் பழையதோடு பொருந்த வேண்டும். மூடியைப் பூட்டிய பின் மெனுவில் பேக்லைட்டைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள். மின்னோட்டம் குறைந்தால் சூடும் குறையும், புது ஸ்ட்ரிப் கூடுதல் காலம் ஓடும்.