நட்ட பல் நிலைக்குமா?

மைசூர்த் தேவராஜா மார்க்கெட்டில் கட்டுக்கட்டாக அடுக்கி வைத்திருக்கும் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறதென்பதையும், விருந்து முடிந்ததென்று அவ்வூர்க்காரர் பலருடைய வயிறு ஒப்புக்கொள்வது அந்த இலை வாய்க்குள் போன பிறகுதான் என்பதையும் அறிந்தவர்கள், அந்நகரத்தில் பல் வைத்தியத்துக்கென்று இரண்டு கல்லூரிகள் இருப்பது கண்டு ஆச்சரியப்பட மாட்டார்கள். பன்னிமண்டபப் பக்கம் ஜே.எஸ்.எஸ். பல் மருத்துவக் கல்லூரி 1997-இல் தொடங்கப்பட்டது. மற்றொன்று ஃபரூக்கியா பல் மருத்துவக் கல்லூரி. கூடலூரிலிருந்தும் தாளவாடியிலிருந்தும் பஸ் ஏறி வருகிற நம் ஜனங்களுக்கும் மைசூர் பழகிய ஊரே.

பல்லை இழந்தவர்கள் இப்போது முதலில் விசாரிப்பது கழற்றி மாட்டும் பல்செட்டைப் பற்றியன்று. எலும்பில் திருகிப் பொருத்தும் இம்ப்ளாண்ட்டைப் பற்றி. விசாரித்த கையோடு, எத்தனை வருஷத்துக்குக் காரண்டி என்றும் கேட்டுவிடுகிறார்கள். மிக்ஸியும் மின்விசிறியும் வாங்கிப் பழகிய நமக்கு அது சுபாவமான கேள்விதான். பத்து வருஷத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து நிற்கும் என்ற பதிலும் தயாராக வருகிறது. பதில் பொய்யன்று. ஒற்றைப் பல்லுக்காக வைத்த இம்ப்ளாண்டுகளைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2012-இல் வெளியான கணக்கின்படி, 5 ஆண்டு முடிவில் 97.2 சதவிகிதமும் 10 ஆண்டு முடிவில் 95.2 சதவிகிதமும் வாயில் இருந்தன. தேகத்துக்குள் அந்நியப் பொருளை வைக்கும் சிகிச்சைகளில் இவ்வளவு நல்ல பெயர் எடுத்தவை அதிகமில்லை. ஆயினும் அந்தத் தொண்ணூற்றைந்து எதை எண்ணி வந்தது என்று கேட்காமல் நாற்காலியில் சாய்ந்துகொள்பவர் பாதி விஷயத்தையே தெரிந்துகொண்டு பணம் கட்டுகிறார்.

இந்த வித்தை பிறந்த கதை பல்லைத் தேடிப் போன கதையன்று. 1952-ஆம் ஆண்டு ஸ்வீடன் தேசத்து லுண்ட் நகரில், எலும்பு ஆறும்போது அதற்குள் ரத்த ஓட்டம் எவ்வாறு நடக்கிறதென்று பார்ப்பதற்காக, பெர்-இங்வார் பிரோனமார்க் என்ற இளம் ஆராய்ச்சியாளர் முயலின் கால் எலும்பில் டைட்டானியத்தால் செய்த ஒரு சிறிய கூட்டைப் பொருத்தினார். ஆராய்ச்சி முடிந்து அக்கூட்டைத் திரும்ப எடுக்கப் போனால் அது வருவதாக இல்லை. எலும்பு உலோகத்தோடு இடைவெளியின்றி ஒட்டி வளர்ந்திருந்தது. விலையுயர்ந்த கருவி போயிற்றே என்று சலித்துக்கொண்டு வேறு வேலை பார்க்கப் போயிருக்கலாம். அவரோ அந்த ஒட்டுதலையே ஆயுள் முழுதும் ஆராயும் பொருளாக்கிக்கொண்டார். 1965-இல் பிறவியிலேயே தாடைக் குறை கொண்ட யோஸ்டா லார்சன் என்பவருடைய கீழ்த்தாடையில் நான்கு டைட்டானியத் திருகுகளை வைத்தார். லார்சன் 2006-இல் இறக்கும் வரையில், அதாவது 40 ஆண்டுகளுக்கு மேல், அவை அவருக்கு உழைத்தன.

இருந்தும் பல் மருத்துவ உலகம் நெடுநாள் நம்பவில்லை. நம்பாததற்குக் காரணமும் இருந்தது. அதற்கு முன்னர்த் தங்கத்தையும் பிளாட்டினத்தையும் வேறு கலப்பு உலோகங்களையும் தாடையில் புதைத்துப் பார்த்தவர்கள் பலர். அவற்றில் மிகப் பல ஆடின, சீழ் கட்டின, கழன்று விழுந்தன. 1981-இல் பிரோனமார்க்கின் குழுவினர் 371 நோயாளிகளை 15 ஆண்டு பின்தொடர்ந்த விவரத்தை வெளியிட்டு, 5 முதல் 9 ஆண்டு கழித்து மேல்தாடைத் திருகுகளில் 81 சதவிகிதமும் கீழ்த்தாடைத் திருகுகளில் 91 சதவிகிதமும் அசையாமல் நின்றதைக் காட்டினார்கள். மறு வருஷம் டொரன்டோவில் கூடிய மாநாட்டுக்குப் பிறகே அமெரிக்கக் கண்டத்துப் பல்கலைக்கழகங்கள் கதவைத் திறந்தன. மேலுக்கும் கீழுக்கும் இருந்த அந்தப் பத்துச் சதவிகித வித்தியாசம் அலட்சியம் செய்யத் தக்கதன்று. கீழ்த்தாடை எலும்பு கெட்டியானது. மேல்தாடையின் பின்பகுதியோ மெத்தென்றிருப்பதோடு, அதன் மேலேயே சைனஸ் என்னும் காற்றறையும் உட்கார்ந்திருக்கிறது. இன்றைய சொரசொரப்பான திருகுகள் அந்த வித்தியாசத்தைப் பெரிதும் குறைத்துவிட்டன, ஆனால் அடியோடு போக்கிவிடவில்லை.

கையோடு கையாக அந்த உலோகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய திருவிதாங்கூர்க் கரையிலுள்ள மணவாளக்குறிச்சியின் கறுப்பு மணலில்தான் டைட்டானியத்தின் தாதுவான இல்மனைட்டும் ரூட்டைலும் குவிந்து கிடக்கின்றன. தாதுவைக் கப்பலேற்றிவிட்டு உலோகத்தை விலைக்கு வாங்குவதே நெடுங்காலம் நம் வழக்கமாக இருந்தது. 2011-இல் கேரளத்துச் சவறையில் டைட்டானிய உலோகத்தையே உற்பத்தி செய்யும் ஆலை வந்தது. ஆனால் அது விண்வெளித் துறையை உத்தேசித்து வந்ததே ஒழிய நம் கடைவாயை உத்தேசித்தன்று.

சிகிச்சை நடக்கும் விதத்தை அருகிலிருந்து பார்த்தால், கண்டு பயப்படுவதற்கு அதில் அதிகம் இல்லை. ஈற்றை மரத்துப்போகச் செய்து, லேசாகக் கீறி விலக்கி, மெல்லிய முனையில் தொடங்கி ஒன்றைவிட ஒன்று தடித்த துளைப்பான்களால் எலும்பில் படிப்படியாகக் குழி எடுக்கிறார்கள். எடுக்கும் நேரமெல்லாம் குளிர்ந்த உப்பு நீர் அதன்மேல் பாய்ந்துகொண்டே இருக்கிறது. இது சுத்தத்துக்காக மட்டுமன்று: எலும்பு 47 டிகிரி வெப்பத்தை ஒரு நிமிஷத்துக்கு மேல் தாங்காது, அவசரப்பட்டுச் சூடேற்றிவிட்டால் குழியின் சுவரிலுள்ள உயிரணுக்கள் செத்துப்போகும், செத்த எலும்பு எதையும் பற்றிக்கொள்ளாது. பிறகு சுமார் 4 மில்லிமீட்டர் தடிமனும் 10 மில்லிமீட்டர் நீளமுமுள்ள திருகை மெதுவாக இறக்குகிறார்கள். திருப்பும் விசையை அளந்து காட்டும் ராட்செட்டின் முள் உரிய எண்ணைத் தொடும்போது மருத்துவரின் முகத்தில் ஒரு தெளிவு தோன்றுவதைக் காணலாம். பிறகு காத்திருத்தல். கீழ்த்தாடைக்கு 3 மாதம், மேல்தாடைக்கு 6 மாதம் என்பது பழைய விதி. இன்று அந்தக் காலம் குறைந்திருக்கிறது. எலும்பு கெட்டியாக இருந்தால் அன்றே தற்காலிகப் பல்லை மாட்டி அனுப்புவதும் உண்டு. மூன்றே நாளில் முழு வாய்ப் பல் என்று விளம்பரப் பலகை வைக்கிறவர்கள் அந்த ‘இருந்தால்’ என்ற சொல்லைப் பலகையில் எழுதுவதில்லை.

இனித் தொண்ணூற்றைந்துக்கு வருவோம். அது நிலைத்தலின் கணக்கு, நலத்தின் கணக்கன்று. வாயில் திருகு இருக்கிறதா என்றால் இருக்கிறது, அவ்வளவே. அதைச் சுற்றி எலும்பு கரைந்துகொண்டிருக்கலாம், ஈற்றில் ரத்தம் கசியலாம், மேலே வைத்த கேப் ஆடலாம். கணக்குப்படி எல்லாம் ஜயமே. இந்த மயக்கத்தைத் தீர்க்கவே 1986-இல் ஆல்பிரெக்ட்சனும் அவருடைய சகாக்களும், திருகு அசையக்கூடாது, எக்ஸ்ரேயில் அதைச் சுற்றி நிழல் படியக்கூடாது, வலியோ தொற்றோ இருக்கலாகாது, முதலாண்டு கழிந்தபின் எலும்புத் தேய்வு ஆண்டுக்கு 0.2 மில்லிமீட்டருக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்று கறாராக வரம்பு கட்டினார்கள். ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் ஆயின; விளம்பரங்களில் இன்னும் நிலைத்தல் கணக்கே ஆட்சி செய்கிறது.

எண்ணும் முறையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஸ்வீடனில் தேசிய இன்ஷூரன்ஸ் ஏடுகளிலிருந்து பொறுக்கியெடுத்த சாதாரண நோயாளிகளை ஆராய்ந்து, 2015-இலும் 2016-இலும் வெளியிட்ட முடிவுகள் இதைத் தெளிவாகக் காட்டுகின்றன. பல் பொருத்துவதற்கு முன்பே தோற்றுப்போன திருகுகள் 1.4 சதவிகிதந்தான், ஆனால் அந்தத் தோல்வியை அனுபவித்த மனிதர்கள் 4.4 சதவிகிதம். ஒருவருக்கே நாலைந்து திருகு வைக்கும்போது தோல்வி பலருடைய வாயில் பரவி நிற்பதால், திருகை எண்ணினால் சிறிதாகத் தெரிவது ஆளை எண்ணினால் பெரிதாகிறது. ஏறக்குறைய 9 ஆண்டு கழித்துப் பரிசோதித்தவர்களில் 7.6 சதவிகிதத்தினர் ஒரு திருகையாவது இழந்திருந்தார்கள். வாயில் நின்ற திருகுகளின் நிலை என்ன? 588 பேரைச் சோதித்ததில் 45 சதவிகிதத்தினருக்குத் திருகைச் சுற்றி அழற்சியும் சிறிதளவாவது எலும்புத் தேய்வும் காணப்பட்டன, 14.5 சதவிகிதத்தினருக்கு அத்தேய்வு 2 மில்லிமீட்டரைத் தாண்டியிருந்தது. இம்ப்ளாண்ட்டின் தாய்நாட்டிலேயே, அரசாங்கம் பல்லைக் கவனிக்கும் ஜனங்களிடையேயே நிலைமை இது.

திருகைச் சுற்றி இந்த அழற்சி ஏன் வருகிறது? இயற்கைப் பல் எலும்பில் நேரே ஒட்டியிருக்கவில்லை. நுண்ணிய நார்களாலான ஒரு ஜவ்வில் தொங்குகிறது. சோற்றில் பொடிக்கல் கடிபட்டவுடன் மண்டைக்குச் செய்தி போவது அந்த ஜவ்வின் வழியாகத்தான். ஈற்றின் நார்களும் வேரினுள் பாய்ந்து இறுகியிருப்பதால் அழுக்கு எளிதில் கீழே இறங்குவதில்லை. உலோகத் திருகுக்கோ ஜவ்வுமில்லை, நாரின் பாய்ச்சலுமில்லை. ஈறு அதைச் சும்மா தழுவிக்கொண்டிருக்கிறது. ஆகவே கிருமி கீழே இறங்குவது சுலபம், இறங்கினாலும் வலி தெரிவது அரிது. நட்ட பல்லுக்குச் சொத்தை வராதென்பது மெய்; அதனால் தேய்க்க வேண்டியதில்லையென்று நினைத்துக்கொண்டவர்களைத்தான் இந்த வியாதி தேடிப் பிடிக்கிறது.

ஸ்வீடன்காரர் வாய்க்கும் நம் வாய்க்கும் உள்ள பேதங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். புகைப்பவர்களுக்குத் திருகு தோற்கும் அபாயம் ஏறத்தாழ இரு மடங்கென்பது பல ஆய்வுகளில் கண்டது. சர்க்கரை வியாதி கட்டுக்குள் இருந்தால் அது தடையன்று. கட்டு மீறினால் புண் ஆறுவது தாமதப்பட்டுத் தொற்றுக்கு வழி திறக்கிறது. பாக்கின் விஷயம் இன்னும் கொடியது. புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோயை உண்டாக்குமென்று உலகச் சுகாதார ஸ்தாபனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004-இல் தீர்ப்பளித்தது. அதற்கு முந்திய கட்டத்திலேயே, நாள்படப் பாக்கு மென்றவர்களுக்குக் கன்னத்து உட்சதை நாராக இறுகி, வாய் இரண்டு விரல் அகலமும் திறக்காமல் போவதுண்டு. வைத்தியம் எவ்வளவு முன்னேறியிருந்தும், திறக்காத வாயின் கடைக்கோடிக்குத் துளைப்பானைக் கொண்டு போக முடியாது.

எனக்குத் தெரிந்த தமிழாசிரியர் ஒருவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்று மைசூரிலேயே தங்கிவிட்டவர், மேல் வரிசை முன்பற்கள் இரண்டை இழந்தார். மெல்லுவதில் அவருக்குக் குறையில்லை, குறையெல்லாம் உச்சரிப்பில். தகரத்துக்கு நா மேல்பல்லின் அடியைத் தொட வேண்டும், வகரத்துக்கு மேல்பல் கீழ் உதட்டைச் சேர வேண்டும் என்று தொல்காப்பியர் பிறப்பியலில் வகுத்து வைத்ததை நாற்பது ஆண்டு சொல்லிக் கொடுத்தவருக்கு முன்பல் போவது தச்சனுக்கு உளி போவதற்குச் சமானம். தமிழ் அறிந்த ஒரு கன்னட மருத்துவரிடம் போனார். “மேஷ்ட்ரே, சக்கரையைக் குறையுங்க, எலெ அடிகெயை, அதான் வெத்தலை பாக்கை, விடுங்க; மூணு மாசம் கழிச்சு மறுபடி ரத்தம் பார்ப்போம். அதுவரை கழற்றி மாட்டற பல் ரெண்டு தர்றேன்” என்றாராம் அவர். “பணத்தைக் கையில வெச்சுக்கிட்டுப் போனேன், வேண்டாங்கிறார் சார்” என்று ஆசிரியர் என்னிடம் குறைபட்டுக்கொண்டார். வேண்டாமென்று சொல்லத் தெரிந்த மருத்துவர் கிடைத்தாரே என்றுதான் எனக்குத் தோன்றியது.

எல்லாப் பற்களையும் இழந்தவர்களுக்கு ஒரு நடுவழியும் உண்டு. கீழ்ப் பல்செட் நாவின் அசைவுக்கெல்லாம் எழும்பி ஆடி மானத்தை வாங்கும் என்பது அதை மாட்டியவர்கள் அனைவரும் அறிந்தது. 2002-இல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், கோரைப்பல் இருந்த இடங்களில் இரண்டே இரண்டு திருகுகளை வைத்துப் பட்டன்போலப் பல்செட்டை அவற்றில் மாட்டிவிடுவதே பல்லில்லாத கீழ்த்தாடைக்கு முதல் சிகிச்சையாக இருக்க வேண்டுமென்று சொன்னார்கள். எட்டுத் திருகும் பத்துத் திருகும் விலை கூறும் இடங்களில் இந்த இரண்டு திருகின் பேச்சு எழுவதில்லை. நாமாகக் கேட்டால்தான் உண்டு. நம் மருத்துவக் காப்பீடுகளில் பெரும்பாலானவை பல் வைத்தியத்தை ஏற்காத நிலையில், சாமானியக் குடும்பங்களுக்கு இது கேட்கத் தக்க கேள்வியே. அவ்வாறே, காப்பாற்றக்கூடிய சொந்தப் பல்லைப் பிடுங்கிவிட்டு நட்ட பல்லுக்கு அவசரப்படுவதும் லாபமன்று. வேர் சிகிச்சை செய்த பழைய பல் பல வருஷம் உழைக்கக்கூடியது. பிடுங்கத்தான் வேண்டுமென்றால் பின்னால் பார்த்துக்கொள்ளலாமென்று வருஷக்கணக்கில் விடுவதும் தகாது. பல் போன இடத்து எலும்பு முதலாண்டிலேயே ஏறக்குறையப் பாதி அகலத்தை இழந்துவிடுகிறது.

காரண்டிச் சீட்டையும் படித்துப் பார்ப்பது நலம். பல கம்பெனிகள் ஆயுள் காரண்டி தருகின்றன. தருவது பழைய திருகுக்குப் பதில் புதிய திருகு. மறுபடி கீறுவதற்கான கூலியும், கரைந்துபோன எலும்பும் அதில் சேர்த்தியில்லை. அதைக் காட்டிலும் உபயோகமான காகிதம் ஒன்று உண்டு: திருகு வந்த டப்பாவின் மேல் கம்பெனிப் பெயர், அளவு, தொகுதி எண் அச்சிட்ட சிறு ஸ்டிக்கர். மருத்துவர் அதைத் தம் நோயாளிக் குறிப்பில் ஒட்டிக்கொள்வார். நமக்கும் ஒன்று கேட்டு வாங்கிக்கொள்ளலாம். பத்தாண்டு கழித்து, கேப்பைத் திருகோடு பிணைக்கும் உள்திருகாணி தளரலாம். தளர்வது சாதாரணம், இறுக்கிவிட்டால் தீர்ந்தது. ஆனால் ஒவ்வொரு கம்பெனிக்கும் திருப்புளியின் தலை வேறு. ஊர் மாறியிருப்போம், மருத்துவர் ஓய்வு பெற்றிருப்பார், கம்பெனியே கடையைக் கட்டியிருக்கும். எக்ஸ்ரேயில் தெரியும் மரையைப் பார்த்து இன்ன கம்பெனித் திருகென்று ஊகிக்கும் கெட்டிக்காரர்கள் உண்டு. ஊகம் தவறினால் ஒரு நிமிஷத்தில் இறுக்க வேண்டியதற்குக் கேப்பையே உடைத்தெடுக்க நேரிடும்.